புதிய கார்: இருக்கையில் தொடங்கித் திரையில் முடிக்க வேண்டிய அமைப்புகள்

ஷோரூமில் புதிய காரை எடுக்கும் நாளில், மாலை போட்டு, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அட்டையில் செய்த பெரிய சாவியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்து முடித்த பிறகு, காரின் வசதிகளை விளக்குவதற்கு மிஞ்சும் நேரம் பெரும்பாலும் கால் மணிதான். அந்தக் கால் மணியிலும் விற்பனைப் பிரதிநிதி தொடுதிரையின் நிறத்தை மாற்றிக் காட்டுவார், கூரைக் கண்ணாடியைத் திறந்து மூடுவார், கதவோர அலங்கார விளக்கு எத்தனை வண்ணங்களில் ஒளிரும் என்று சொல்வார். இருக்கையின் உயரத்தைக் கூட்டும் நெம்புகோல் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார். நானும் என் முதல் காரை அப்படித்தான் வீட்டுக்கு ஓட்டி வந்தேன். நான்கு மாதம் கழித்து, முதுகுவலி தாங்காமல் இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவியபோதுதான் அந்த நெம்புகோல் கிடைத்தது.

முதல்முறையாகக் கார் வாங்கியவர்களுக்கும், பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓடிய பழைய காரை விட்டு இன்றைய காருக்கு மாறியவர்களுக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இதில் சொல்லப்படும் வரிசையை மாற்றாமல் பின்பற்ற வேண்டும் என்பதே என் முதல் வேண்டுகோள். இருக்கை நகர்ந்தால் கண் இருக்கும் இடம் நகர்கிறது. கண் இடம் மாறினால் மூன்று கண்ணாடிகளும் தவறான காட்சியைக் காட்டுகின்றன. ஆகவே கண்ணாடியை முதலில் திருத்திவிட்டு இருக்கையைப் பிறகு நகர்த்துபவர் அதே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும். திரை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் அதன் முறை கடைசியில்தான் வருகிறது.

பகல் வெளிச்சத்தில், சமதளமான இடத்தில், ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்திய காரில் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்குங்கள். மூடிய கார் ஷெட்டில் எஞ்சினை ஓட விட்டபடி இதைச் செய்யக்கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பல கார்களில் வண்டி நகரத் தொடங்கியதும் அமைப்புப் பட்டியலின் பெரும்பகுதி பூட்டிக்கொள்ளும் என்பதால், சிக்னலில் நிற்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் பலிக்காது.

இருக்கை, ஸ்டீயரிங், பெல்ட்

வழக்கமாக அணிந்து ஓட்டும் காலணியோடு உட்காருங்கள். பின்பாக்கெட்டில் இருக்கும் பர்ஸையும் போனையும் வெளியே எடுத்துவிடுங்கள். ஒரு பக்க இடுப்பு அரை அங்குலம் உயர்ந்திருந்தாலும் நீண்ட பயணத்தில் முதுகெலும்பு அதற்கு விலை கொடுக்கும். இடுப்பின் பின்பகுதி இருக்கையின் மூலையில் முழுமையாகப் படியும்படி நகர்ந்து உட்கார்ந்த பிறகு, கிளட்ச் உள்ள காரானால் கிளட்சைத் தரைவரை மிதித்தும், ஆட்டோமேட்டிக் காரானால் பிரேக்கை முழு வலுவோடு அழுத்தியும் பாருங்கள். அந்த நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். கால் விறைத்து நீண்டால் இருக்கை தொலைவில் இருக்கிறது என்று பொருள்; முழங்கால் டேஷ்போர்டின் அடிப்பகுதியில் முட்டினால் மிக அருகில் இருக்கிறது.

அடுத்தது உயரம். தலைக்கும் கூரைக்கும் இடையில் ஒரு கைமுட்டி அளவு இடம் இருக்குமாறு பார்த்துக்கொண்டு, பானெட்டுக்கு அப்பால் உள்ள சாலை கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அளவுக்கு உயர்த்துங்கள். உயரம் குறைந்தவர்கள், குறிப்பாகப் புதிதாக ஓட்டக் கற்ற பெண்கள், சாலை தெரிவதற்காக ஸ்டீயரிங்கை ஒட்டி முன்னால் வந்து உட்காருவதைப் பார்க்கிறேன். அவர்களுக்குத் தேவை முன்னால் நகர்வது அல்ல, மேலே உயர்வது. உயரம் கூட்டும் வசதி இல்லாத அடிப்படை மாடல்களில், வழுக்கி நகராத உறுதியான குஷன் ஒன்று ஓரளவுக்கு உதவும். ஏர்பேக் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் பெரும் விசையோடு வெடித்து விரிவது என்பதால், ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் மார்பெலும்புக்கும் இடையில் குறைந்தது 25 செ.மீ. இருக்க வேண்டும் என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் அறிவுறுத்துகிறது. ஒரு சாண் அளந்து, அதற்கு மேல் நான்கு விரல் சேர்த்துப் பார்த்தால் போதும்.

முதுகுச்சாய்வைச் சரிபார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. தோள்கள் இரண்டும் சாய்வை விட்டு விலகாமல் கையை நீட்டினால், மணிக்கட்டு ஸ்டீயரிங் வளையத்தின் உச்சியில் படிய வேண்டும். படியவில்லை என்றால் சாய்வை நிமிர்த்துங்கள். அல்லது ஸ்டீயரிங்கை முன்னும் பின்னும் இழுக்கும் வசதி இருந்தால் அதை உங்களை நோக்கிக் கொண்டுவாருங்கள். மேலும் கீழும் மட்டுமே அசையும் ஸ்டீயரிங் உள்ள கார்களே இங்கு நிறைய ஓடுகின்றன என்பதால், பலர் சாய்வை வைத்தேதான் இதைச் சமாளிக்க வேண்டியிருக்கும். ஸ்டீயரிங்கின் முகம் உங்கள் முகத்தைப் பார்க்காமல் மார்பைப் பார்க்கட்டும். வளையத்தின் ஊடாக வேகமானி முழுமையாகத் தெரிய வேண்டும். சரிசெய்த பின் அதன் பூட்டு நெம்புகோலை மறக்காமல் அழுத்தி மூடுங்கள்.

தலைத்தாங்கியைப் பெரும்பாலோர் கழுத்துக்கு வைக்கும் தலையணையாக நினைக்கிறார்கள். பின்னாலிருந்து வேறொரு வண்டி மோதும்போது தலை பின்னோக்கி மடங்கிக் கழுத்து முறியாமல் தடுப்பதே அதன் வேலை. அதன் மேல்விளிம்பு தலையுச்சியின் மட்டத்துக்கு வர வேண்டும். பிடரிக்கும் அதற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. பெல்ட்டின் மேல்பிடிப்பு கதவுத் தூணில் ஏறி இறங்கும் வகையில் இருந்தால், பட்டை கழுத்தை உரசாமலும் தோளிலிருந்து நழுவாமலும் தோளின் நடுவே செல்லுமாறு வையுங்கள். இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் அல்ல, இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். கருவுற்ற பெண்கள் அதை வயிற்றுக்குக் கீழே இறக்கிப் போட வேண்டும்.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பழக்கங்கள் இரண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முன் இருக்கைகளின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கும் கார்களில், வெளியே வாங்கிப் போடும் சாதாரண இருக்கை உறை அது விரியும் தையலை மூடிவிடும். அந்தப் பக்கம் திறந்திருக்கும் உறையைக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் உறையே வேண்டாம். டேஷ்போர்டில் பிள்ளையார் சிலை ஒட்டுபவர்கள், பயணிக்கு எதிரே ஏர்பேக் என்று பொறித்திருக்கும் மூடியின் மேல் ஒட்டாமல் நடுப்பகுதியில் ஒட்டுங்கள். ஏர்பேக் விரிந்தால் அந்த மூடியின் மேல் இருக்கும் எதுவும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தை நோக்கித்தான் பறக்கும்.

கண்ணாடிகள்

உட்புறக் கண்ணாடிக்கு அடியில் சிறு நெம்புகோல் இருந்தால், அதைப் பகல் நிலையில் வைத்துவிட்டுத்தான் திருத்தத் தொடங்க வேண்டும். தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தால் பின்கண்ணாடி முழுவதும் அதற்குள் அடங்க வேண்டும். இரவில் பின்னால் வரும் வண்டியின் ஒளி கண்ணைக் கூசச் செய்யும்போது நெம்புகோலைத் தட்டினால், வெள்ளிப் பூச்சின் பிரதிபலிப்பு கூரையை நோக்கித் திரும்பி, ஆப்பு வடிவக் கண்ணாடியின் வெறும் முன்பரப்பு திருப்பி அனுப்பும் ஏறத்தாழ 4 சதவீத ஒளி மட்டுமே நம் கண்ணுக்கு வரும். தானே மங்கும் கண்ணாடி உள்ள கார்களில் நெம்புகோல் இருக்காது. அங்கே சிறு உணரியை ஸ்டிக்கர் எதுவும் மறைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பக்கக் கண்ணாடிகளை எப்படி வைப்பது என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. நம் காரின் பக்கவாட்டை நன்றாகக் காட்டும்படி வைப்பது பழைய வழக்கம். அப்படி வைத்தால் உட்புறக் கண்ணாடி காட்டியதையே பக்கக் கண்ணாடிகளும் திரும்பக் காட்டும். நமக்குப் பக்கத்துத் தடத்தில், சற்றுப் பின்னால் வரும் வண்டி எதிலும் விழாமல் மறைந்துபோகும். இதற்கு மாற்றான முறையை ஜார்ஜ் பிளாட்சர் என்ற பொறியாளர் 1995-இல் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்துக்கு அளித்த கட்டுரையில் விளக்கினார். நம் நாட்டு வலப்பக்க ஸ்டீயரிங்குக்கு அது இப்படி வரும்: தலையை வலப்பக்க ஜன்னலைத் தொடும் அளவுக்குச் சாய்த்து, அந்த நிலையில் காரின் ஓரம் மட்டும் தெரியுமாறு வலக் கண்ணாடியை வெளிப்புறம் திருப்புங்கள், பிறகு தலையைக் காரின் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து, இடக் கண்ணாடியை அதேபோல் திருப்புங்கள். நிமிர்ந்து உட்கார்ந்ததும் உங்கள் கார் எந்தப் பக்கக் கண்ணாடியிலும் தெரியாது. முதல் இரண்டு நாள் இது திகைப்பாக இருக்கும்.

நெடுஞ்சாலைக்கு இதைவிடச் சிறந்த அமைப்பு இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் பக்கக் கண்ணாடியிலிருந்து இரண்டு விரற்கடை இடைவெளியில் ஸ்கூட்டர்கள் நுழைந்து செல்லும் நகரத் தெருக்களில், நம் கார் எங்கே முடிகிறது என்ற அடையாளம் கண்ணாடியில் சிறிதாவது இருப்பது நல்லது. ஆகவே புதியவர்களுக்கு என் பரிந்துரை இடைப்பட்டது: கண்ணாடியின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக நம் காரின் பக்கம் தெரியட்டும், தொடுவானம் உயரத்தின் நடுவில் வரட்டும். எப்படி வைத்தாலும் தடம் மாறும் முன் தோளுக்கு மேல் ஒரு முறை திரும்பிப் பார்க்கும் பழக்கம் இருக்க வேண்டும். குவி ஆடியாக இருக்கும் கண்ணாடியில் பின்வரும் வண்டி உண்மையில் இருப்பதைவிடத் தொலைவில் இருப்பதுபோல் தோன்றும் என்பதையும் நினைவில் வையுங்கள். ரிவர்ஸ் போட்டதும் இடக் கண்ணாடி தானே கீழே தாழும் வசதி சில கார்களில் உண்டு. நடைபாதைக் கல்லில் சக்கரம் உரசுவதைத் தவிர்க்க அது மிகவும் பயன்படும், ஆனால் கண்ணாடித் தேர்வுக் குமிழ் இடப்பக்கமோ வலப்பக்கமோ இருந்தால்தான் அது இயங்கும் என்பது போன்ற நிபந்தனைகள் மாடலுக்கு மாடல் மாறுவதால் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கும் கைப்பழக்கமும்

ஸ்டீயரிங்குக்கு வலப்புறம், டேஷ்போர்டின் கீழ்ப்பகுதியில் 0, 1, 2, 3 என்று எண்கள் போட்ட சிறு சக்கரம் ஒன்று பல கார்களில் இருக்கும். முகப்பு விளக்கின் ஒளி எவ்வளவு தாழ்ந்து விழ வேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. முன்னிருக்கையில் மட்டும் ஆள் இருந்தால் 0. பின்னிருக்கையும் டிக்கியும் நிறையும்போது காரின் பின்புறம் அமிழ்ந்து மூக்கு உயர்வதால், அதற்கேற்ப எண்ணைக் கூட்ட வேண்டும். குடும்பத்தோடு ஊருக்குப் போகும் இரவில் எதிரே வருபவர்கள் எல்லாரும் நம்மைப் பார்த்து லைட்டை அடித்துக் காட்டினால், நாம் லோ பீமில்தான் போகிறோம் என்றாலும் இந்தச் சக்கரம் 0-வில் நிற்கிறது என்பதே பெரும்பாலும் காரணம்.

திரைக்குப் போகும் முன் இன்னொரு பயிற்சி. கண்ணை மூடிக்கொண்டு, வைப்பர், ஹசார்ட் விளக்கு, முன்கண்ணாடியின் பனிமூட்டத்தைப் போக்கும் பொத்தான், ஹாரன், டிம்-டிப் ஆகிய ஐந்தையும் கையால் தேடித் தொடுங்கள். தடுமாற்றமில்லாமல் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். மாருதி, ஹூண்டாய் கார்களில் இண்டிகேட்டர் தண்டு வலப்புறம் இருக்கும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் இடப்புறம் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியவர் திருப்பத்துக்குத் திருப்பம் வைப்பரை ஓட விடுவது வேடிக்கையாகத் தோன்றினாலும், பின்னால் வருபவருக்கு நம் திருப்பம் தெரியாமல் போவதில் வேடிக்கை இல்லை. தொடுதிரைக்குள் எல்லாவற்றையும் புதைத்துவிட்ட கார்களில் இந்தப் பயிற்சி பலிக்காது. 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்ட், ஹாரன், வைப்பர், அவசர உதவி அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பொத்தானோ தண்டோ இருப்பதை, ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு தன் மதிப்பெண் முறையில் கணக்கில் எடுத்துக்கொள்வது இதனால்தான்.

ஸ்டீயரிங்கில் நட்சத்திரக் குறி போட்ட பொத்தான் இருந்தால் அதற்கு நீங்கள் விரும்பும் வேலையை ஒதுக்கலாம். பாட்டு மாற்றுவதற்கு அதை வீணாக்காமல், திரையில் தேட நேரம் பிடிக்கும் ஒரு செயலை அதற்குக் கொடுங்கள்.

ஏசியில் புதியவர்களுக்குத் தெரிய வேண்டியது, காற்று உள்ளேயே சுழல்வதா, வெளியிலிருந்து வருவதா என்று தேர்வு செய்யும் பொத்தான். வெயிலில் நின்ற காரில் முதலில் ஜன்னல்களை இறக்கிச் சூட்டை வெளியேற்றிவிட்டு, பிறகு உட்சுழற்சியைப் போட்டால் விரைவில் குளிரும். ஆனால் நான்கைந்து பேர் மணிக்கணக்கில் போகும் பயணத்தில் உட்சுழற்சியிலேயே இருந்தால் கரியமில வாயு சேர்ந்து ஓட்டுபவருக்குத் தூக்கம் வரும். அவ்வப்போது வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். மழையில் கண்ணாடியின் உட்புறம் மூடுபனி படிந்தால் ஏசியைப் போட்டுக் காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்ப வேண்டும். கடலோர ஊர்களின் புழுக்கமான இரவில் வெளிப்புறம் படிந்தால் வைப்பரை ஒரு முறை ஓட விட்டு, குளிரைக் குறைக்க வேண்டும்.

எச்சரிக்கை ஒலிகளும் உதவிகளும்

2019 ஜூலை 1-க்குப் பிறகு இந்தியாவில் தயாரான கார்கள் மணிக்கு 80 கி.மீ.யைத் தாண்டினால் விட்டு விட்டும், 120 கி.மீ.யைத் தாண்டினால் இடைவிடாமலும் ஒலி எழுப்பும். இது சட்டப்படியான ஏற்பாடு என்பதால் அமைப்புப் பட்டியலில் இதை நிறுத்தும் இடத்தைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பெல்ட் போடாமல் ஒலியை மட்டும் அடக்கும் கொக்கிகளையும் வாங்க வேண்டாம். அவற்றை விற்ற ஐந்து இணைய வணிகத் தளங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் உத்தரவு பிறப்பித்தது.

ரேடாரும் கேமராவும் கொண்ட ஓட்டுநர் உதவி அமைப்புகளில்தான் உண்மையான முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கிறது. மோதல் எச்சரிக்கையும் தானியங்கி பிரேக்கும் எப்போதும் இயக்கத்தில் இருக்கட்டும். எச்சரிக்கை எவ்வளவு முன்கூட்டியே வர வேண்டும் என்ற தேர்வு இருந்தால், நகரத்தில் ஓட்டும்போது தாமதமான நிலையை வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் சீக்கிரமான நிலையில் அது குறுக்கே புகும் ஒவ்வொரு பைக்குக்கும் அலறி, ஒரு வாரத்தில் நம்மை அதைப் பொருட்படுத்தாதவராக ஆக்கிவிடும். தடக்கோட்டுக்குள் காரைப் பிடித்து வைக்கும் உதவியைக் கோடு தெளிவாக இருக்கும் நான்குவழிச் சாலையில் மட்டும் பயன்படுத்துங்கள். கோடு அழிந்தும், பழைய கோடும் புதுக் கோடும் குழம்பியும் கிடக்கும் ஊர்ச் சாலையில் ஸ்டீயரிங் தானாக இழுபடுவது புதியவரைப் பதற வைக்கும். முன்செல்லும் வண்டியின் வேகத்துக்கேற்பத் தானே கூட்டிக் குறைக்கும் குரூஸ் கன்ட்ரோலில் இடைவெளியை முதலில் மிக அதிகமான நிலையில் வைத்துப் பழகுங்கள். அந்த இடைவெளியில் யாராவது புகுந்துகொண்டே இருப்பார்கள், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். முன்கண்ணாடியின் நடுவில் கேமரா இருக்கும் கார்களில் ஃபாஸ்டேக் ஸ்டிக்கரை அதன் பார்வையை மறைக்காத இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

வழுக்கலைத் தடுக்கும் நிலைப்பாட்டுக் கட்டுப்பாட்டை, வண்டி சேற்றிலோ மணலிலோ சிக்கிச் சுழலும்போது தவிர, அணைக்க வேண்டாம். எகானமி, ஸ்போர்ட் போன்ற ஓட்டும் முறைகள் பெரும்பாலும் ஆக்சிலரேட்டருக்குக் கார் எவ்வளவு வேகமாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதையே மாற்றுகின்றன. முதல் மாதத்துக்குச் சாதாரண முறையே போதும். மின்சாரக் காரில் காலை எடுத்ததும் வேகத்தைக் குறைத்து மின்சாரத்தை மீட்கும் அளவு 0 முதல் 3 வரை என்பதுபோல் படிகளாக இருக்கும். பெட்ரோல் காரிலிருந்து வந்தவர்கள் 1-இல் தொடங்கிப் படிப்படியாக ஏறுவது நல்லது. நேராக உச்சத்துக்குப் போனால் பின்னிருக்கையில் இருப்பவர்களுக்குக் குமட்டும்.

டயர் காற்றழுத்தம் காட்டும் அமைப்பில் அலகைப் பிஎஸ்ஐ-க்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பெட்ரோல் பங்கில் காற்றடிப்பவர் கேட்கும் எண் அதுதான். உங்கள் காருக்கு உரிய அளவு ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டிய தாளில் இருக்கும். வால்வில் உணரி இல்லாமல் சக்கரச் சுழற்சியை வைத்துக் கணக்கிடும் வகையானால், காற்றடித்த ஒவ்வொரு முறையும் அமைப்பை மீட்டமைக்க வேண்டும். இல்லையென்றால் பழைய அளவோடு ஒப்பிட்டுத் தவறாக எச்சரிக்கும்.

திரை, போன், நினைவகம்

திரையில் செய்ய வேண்டியது குறைவு. கதவுகள் தானே பூட்டிக்கொள்ளும் வேகம், பூட்டைத் திறக்கும்போது ஓட்டுநர் கதவு மட்டுமா எல்லாக் கதவுகளுமா என்பது, இண்டிகேட்டர் தண்டை லேசாகத் தட்டினால் 3 முறை சிமிட்டுவதா 5 முறையா என்பது, இரவில் திரையின் வெளிச்சம் ஆகியவற்றை முடிவு செய்யுங்கள். இருட்டான இடத்தில் தனியாக ஏறி இறங்குபவர்களுக்கு ஓட்டுநர் கதவு மட்டும் திறப்பதே ஏற்றது. போனைப் புளூடூத்தில் இணைக்கும்போது தொடர்பு எண்களுக்கு அனுமதி தரலாம். குறுஞ்செய்திகள் திரையில் விரிவதை நிறுத்திவிடுங்கள், பின்னிருக்கையில் இருப்பவர்கள் அனைவரும் அவற்றைப் படிக்கத் தேவையில்லை. கூகுள் மேப்ஸ் தமிழிலும் வழி சொல்லும். வீட்டுப் பெரியவர்கள் உடன் வரும்போது அது அவர்களுக்கும் பிடித்துப்போகிறது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் நினைவகப் பொத்தானுக்கு வேலை. மின் இருக்கை உள்ள கார்களில் செட் என்ற பொத்தானை அழுத்தி, சில நொடிகளுக்குள் 1 அல்லது 2-ஐ அழுத்தினால் அப்போதைய நிலை பதிவாகும். சிலவற்றில் பக்கக் கண்ணாடிகளும் அதோடு சேரும். 1 உங்களுக்கு, 2 உங்கள் மனைவிக்கோ கணவருக்கோ என்று வைத்துக்கொண்டால், விருந்துக்கு வந்த மைத்துனர் ஒரு நாள் ஓட்டிவிட்டுப் போன பிறகும் பழைய நிலை ஒரு தொடுதலில் திரும்பிவிடும். அந்த வசதி இல்லாதவர்கள் இருக்கைத் தண்டவாளத்தில் ஒரு சிறு வண்ணக்கோடு போட்டுக்கொள்ளலாம். நான் இன்றும் அதைத்தான் செய்கிறேன்.

காரை விற்கும்போது திரையைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்து, போனில் காரை இணைத்திருக்கும் கார் நிறுவனச் செயலியிலிருந்தும் காரை நீக்குங்கள். பழைய கார் வாங்கினால் முந்தைய உரிமையாளர் அவருடைய செயலியிலிருந்து காரை நீக்கினாரா என்று உங்கள் கண் முன்னாலேயே சரிபாருங்கள். நீக்காவிட்டால் கார் எங்கே நிற்கிறது என்பதை அவர் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியும்.

சர்வீஸில் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் கடிகாரமும், சில கார்களில் ஜன்னல் ஒரே தொடுதலில் ஏறும் வசதியும் போய்விடும். பல மாடல்களில் ஜன்னலை முழுவதும் ஏற்றி, பொத்தானைச் சில நொடிகள் விடாமல் இழுத்துப் பிடித்தால் அது திரும்பக் கற்றுக்கொள்ளும். மற்ற அமைப்புகளுக்காக, இன்று நீங்கள் தேர்ந்தெடுத்தவற்றை ஒரு தாளில் எழுதி, ஆர்சி புத்தகம் வைக்கும் உறையிலேயே போட்டு வையுங்கள்.